அத்தானின் மோட்டரும் என் கொப்பியும்

எழுபதுகளின் நடுவில், வெளிநாட்டுச் சாமான்கள் கடைக்கு வராமல் நின்றுபோயிருந்த காலத்தில், வல்வெட்டித்துறையில் எங்கள் பக்கத்துக் கடற்கரையில் விடியும்போது தோசை மணந்தால் அத்தான் கடலுக்குப் போகிறார் என்று அர்த்தம். அவருடைய அவுட்போட் மோட்டர் நல்லெண்ணெய் குடித்தால்தான் வேலை செய்தது.

அத்தான் என்றால் என் அக்காவின் புருஷன். அவர் அந்த மோட்டரை வாங்கும்போதே அது இரண்டு பேரிடம் உழைத்துக் களைத்திருந்தது. சிலிண்டர் இரண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. மண்ணெண்ணெயில் ஓடி ஓடி உள்ளே தேய்ந்துபோன சாமான். நல்ல மோட்டரின் கயிற்றை இழுத்தால் உள்ளேயிருந்து யாரோ எதிர்த்து இழுக்கிற மாதிரி இருக்க வேண்டும். அதைத்தான் கொம்பிரஷன் என்பார்கள். சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நெருக்கும்போது அந்தக் காற்று தப்பிப் போகாமல் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் மறிக்க வேண்டும். அத்தானுடைய மோட்டரில் அந்த மறியல் எப்போதோ கைவிடப்பட்டிருந்தது. கயிற்றை அவர் இரண்டு விரலால் இழுப்பார். "பழகின மாடு மாதிரி, எவ்வளவு லேசாய் வருது பார்," என்று அதைப் பெருமையாக வேறு சொல்வார்.

அப்படி லேசாக வருகிற மோட்டர் பற்றாது. அதற்குக் கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கைமருந்து உண்டு. பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்துக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டால், தேய்ந்த ரிங்குகளின் இடைவெளியை எண்ணெய் கொஞ்ச நேரம் அடைத்துக்கொள்ளும். அதற்குள் மோட்டர் பற்றிவிடும். மோட்டருக்கு உரிய எண்ணெய் கிடைக்காத காலம் என்பதால் அத்தான் அக்காவின் நல்லெண்ணெய்ப் போத்தலில் கை வைத்தார்.

"எனக்கே சனிக்கிழமைதான் எண்ணெய். உந்த மோட்டருக்கு ஒவ்வொரு நாளும் முழுக்கு," என்பார் அக்கா.

"அதுக்குத் தலை ரெண்டு. உனக்கு ஒண்டுதானே," என்பார் அத்தான்.

நான் அக்காவுக்கு ஒரே தம்பி. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிப்பு ஏறாமல் விடவில்லை. சோதனைத் தாளைக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும். பிறகு சோதனைக்கு முதல் நாளே கலங்கத் தொடங்கியது. பிறகு வாத்தியார் சோதனை என்று வாய் திறந்தாலே கலங்கியது. கடைசியில் வீட்டாரும் வாத்தியாரும் கூடிக் கதைத்து என் வயிற்றின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். சந்தியடியில் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குப் போனேன். அங்கேயும் ஒரு சக்கரத்தைப் பூட்டிக் கொடுத்துவிட்டு, ஆள் போன பிறகு நட்டை இறுக்கினேனா என்று யோசித்து, பின்னாலே ஓடிப்போய் மறித்துப் பார்த்துவிட்டு வருவேன். எங்கள் ஊரில் புதிதாகச் சைக்கிள் திருத்தினவர்கள் சந்தி தாண்டியதும் தாங்களாகவே நின்று எனக்காகக் காத்திருப்பார்கள்.

ஒரு சோளகக் காலத்தில் அந்த மோட்டர் நடுக்கடலில் நின்றுவிட்டது. வள்ளத்தில் இருந்த நல்லெண்ணெய் முடிந்துபோய்விட்டது. சோளகம் கரையிலிருந்து வெளியே தள்ளுகிற காற்று. அத்தான் துடுப்பை வலித்து வலித்துக் கை ஓய்ந்து கிடந்திருக்கிறார். பின்னேரம் வேறொரு வள்ளம் அவரைக் கட்டியிழுத்துக் கொண்டுவந்து சேர்த்தது. அதுவரைக்கும் அக்கா கரையில் ஒரே இடத்தில் நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். அக்கா அழவில்லை. அடுத்த நாள் காலை பஸ் ஏறிக் காங்கேசன்துறைக்குப் போய், சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த எங்கள் மாமா ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு மாதத்தில் அத்தானின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. வருகிற ஒன்றாம் திகதி காலை வேலைக்கு வரச் சொல்லி.

"ஒண்டாம் திகதியிலையிருந்து நீங்கள் பக்டரிக்குப் போறியள்," என்றார் அக்கா.

அத்தான் கடிதத்தைத் தலைகீழாகவும் ஒருமுறை பார்த்தார். "மோட்டரைத் திருத்தினால்?"

"ஆர் திருத்திறது?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த இடத்திலேயே ஒப்பந்தம் ஆகிவிட்டது. ஒன்றாம் திகதிக்கு முன்னர் மோட்டர் அடுத்த ஊரான தொண்டைமானாறு வரைக்கும் போய்த் திரும்பி வரவேண்டும். ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடக்கூடாது. வந்தால் அத்தான் கடலோடு இருக்கலாம். வராவிட்டால் மோட்டரைக் கூரை வளையில் தூக்கிக் கட்டிவிட்டு பக்டரிக்குப் போகவேண்டும். என்னை ஒருவரும் கேட்கவில்லை. அன்று பின்னேரம் கிணற்றடியில் வைத்து அக்கா என்னை மறித்தார்.

"தம்பி, நீ வடிவாய்ச் செய். ஆனால் கனக்க மினைக்கெடாதை."

"அதென்ன கதை அக்கா?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. உனக்கு எப்பவும் ஏதாவது பிழைச்சுப் போயிடும் எண்டு பயம்தானே. இந்த முறை பிழைச்சுப் போனாலும் நான் கோவிக்க மாட்டன்."

சாதாரணமாக ஒரு வேலைக்கு எனக்கு ஒரு பயம் இருக்கும். இந்த வேலைக்கு இரண்டு. வேலை பிழையாய்ப் போனால் அத்தானின் முகத்தைப் பார்க்க முடியாது, சரியாய் வந்தால் அக்காவின் முகத்தை.

முற்றத்தில் ஒரு தென்னங்குற்றியின் மேல் மோட்டரின் தலைப்பகுதியை ஏற்றி வைத்தோம். வேலை பிழையாய்ப் போக வேண்டும் என்று விரும்பிய அதே அக்காதான் நல்ல நேரம் பார்த்தார், கற்பூரம் கொளுத்தினார், மோட்டரின் முகத்தைக் கிழக்கே திருப்பச் சொன்னார். "வேலை எப்பிடியும் போகட்டும், திசை பிழைக்கக்கூடாது."

நான் ஒரு கொப்பி எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய கொப்பி, பின்மட்டையில் வாய்பாடு இருந்தது. எந்த நட்டு எங்கேயிருந்து கழன்றது, எது நீளம், எது கட்டை என்று ஒன்றும் விடாமல் எழுதினேன். "றோட்டுப்பக்க ஆணி நாலு. மூன்றாவது மற்றதிலும் கட்டை." எங்கள் ஊரில் இடது வலது என்று ஒருவரும் சொல்வதில்லை. கடற்பக்கம், றோட்டுப்பக்கம், அவ்வளவுதான். ஒருவருக்குக் கண்ணில் தூசி விழுந்தால்கூட "கடற்பக்கத்துக் கண்ணைத் திற" என்றுதான் ஊதிவிடுவார்கள்.

கழற்றுமுன் ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். பிளக்கைக் கழற்றிய துவாரத்தைப் பெருவிரலால் பொத்திக்கொண்டு கயிற்றை இழுத்தால், நல்ல சிலிண்டர் விரலைத் தள்ளி எறிய வேண்டும். மேல் சிலிண்டர் என் விரலில் நித்திரைக் குழந்தை மாதிரி மூச்சு விட்டது. கீழ்ச் சிலிண்டர் அதுவும் செய்யவில்லை.

உள்ளே திறந்தபோது காரணம் தெரிந்தது. ரிங்குகள் பள்ளத்துக்குள் கரி பிடித்து ஒட்டிப்போயிருந்தன. இத்தனை நாள் விட்ட நல்லெண்ணெய் எல்லாம் கருகித் தோசைக்கல்லின் ஓரம் போலத் தடித்திருந்தது. ஒரு ரிங்கைக் கிளப்பப் போனேன், மூன்று துண்டாக வந்தது.

பிஸ்டனின் தலை நான் நினைத்தது போலத் தட்டையாக இல்லை. நடுவில் ஒரு மேடு. மேட்டின் ஒரு பக்கம் சுவர் மாதிரி நெட்டாக நின்றது, மற்றப் பக்கம் கடற்கரை மாதிரிச் சரிந்து போனது. இது முக்கியமான இடம் என்று எனக்கே பட்டது. கொப்பியில் எழுதினேன்: "மேல் பிஸ்டன், சரிவு கடற்பக்கம். கீழ்ப் பிஸ்டன், அதுவும் கடற்பக்கம்." இரண்டு கோடு இழுத்தேன். யோசித்துவிட்டு மூன்றாவதும் இழுத்தேன்.

புது ரிங் வாங்க வழியில்லை. குருநகரில் ஒரு கடைசல் பட்டறை, ரிங்கையே கடைந்து தருவார்கள் என்று கடையில் சொன்னார்கள். மோட்டரின் தலைப்பகுதியைச் சாக்கில் கட்டி யாழ்ப்பாண பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

"உதென்ன?" என்றார் கொண்டக்டர்.

"மோட்டர்."

"ஓடுமோ?"

"ஓடினால் ஏன் அண்ணை பஸ்ஸிலை கொண்டு போறன்?"

பட்டறைக்கார அண்ணை வேதக்காரர். கழுத்தில் சிலுவை தொங்கும். பட்டறை கோயிலுக்கு அங்காலே, வாசலில் நின்றால் வள்ளங்களும் தண்ணீரும் தெரிகிற இடத்தில் இருந்தது. அவர் சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவி, விரலை மணந்து பார்த்தார்.

"தம்பி, இதுக்குள்ளை ஆர் தோசை சுட்டது?"

நான் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுவிட்டு, சிலிண்டரைக் கொஞ்சம் கடைந்து நேராக்கி, ஒரு பழைய லொறியின் சிலிண்டர்க் கூட்டை வெட்டி அதில் ரிங்குகள் செய்து தருவதாகச் சொன்னார். ஒரு கிழமை கழித்து வந்து அங்கேயே வைத்துப் பூட்டும்படி சொன்னார். எங்காவது இறுகினால் உடனே தேய்த்துக் கொடுக்கலாமாம்.

ஒரு கிழமை கழித்துப் போனேன். பலகை வாங்கின் மேல் எல்லாம் துடைத்து அடுக்கியிருந்தது. புது ரிங்குகள் பிஸ்டனில் மினுங்கின. நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டேன்: "அண்ணை, இஞ்சை கிழக்கு எந்தப் பக்கம்?"

"நீர் மோட்டர் பூட்ட வந்தனீரோ, வீடு கட்ட வந்தனீரோ?"

"அக்கா கேப்பா அண்ணை."

அவர் நாடியால் காட்டினார். மோட்டரின் முகத்தைக் கிழக்கே திருப்பி வைத்தேன். கொப்பியைத் திறந்தேன். சரிவு கடற்பக்கம். வாசலால் எட்டிப் பார்த்தேன். கடல் வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. அந்தப் பக்கம் சரிவை வைத்துப் பிஸ்டன்களைப் பூட்டினேன். இன்னொரு முறை எட்டிப் பார்த்தேன். கடல் அங்கேதான் இருந்தது.

பட்டறைக்கார அண்ணை தன் வேலைக்கு நடுவில் வந்து கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். "இப்பிடிக் கொப்பி எழுதி வைச்சுப் பூட்டிற ஆளை நான் கண்டதில்லை. என்னட்டை வாற மற்ற ஆக்கள் பூட்டி முடிய நாலு நட்டு மிஞ்சும்." எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. வீட்டுக்கு வரும்போது, ஒரு சோதனையில் பாஸ் பண்ணின ஆள் பஸ்ஸில் எப்படி இருப்பான் என்று எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது.

மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கையில் வள்ளத்தில் மோட்டரைப் பூட்டி ஓடவிட்டுப் பார்த்தோம். அத்தான் வள்ளத்தில், நானும் அக்காவும் கரையில். நான் ஒருநாளும் வள்ளத்தில் ஏறுகிற ஆள் இல்லை. அத்தான் முதலில் துவாரத்தைப் பெருவிரலால் பொத்திக் கயிற்றை இழுத்தார். சோடாப் போத்தல் திறந்த மாதிரிச் சத்தம் கேட்டது. அவர் விரலை உதறிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"இப்பதான் கயிறு கயிறாய்க் கிடக்குது," என்று கத்தினார் அத்தான். பிளக்கைப் பூட்டிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். பற்றவில்லை. இன்னொரு முறை. இருபதுமுறை இழுத்தபின் மோட்டர் இருமியது, பின்பக்கமாகக் காபரேற்றரால் துப்பியது, புகையைக் கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. ஓடியது என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். சத்தம் ஒரு பெரிய மோட்டருடையது, வள்ளம் போனது ஒரு பூவரசம் இலை போகிற மாதிரி. முழங்கால் தண்ணீரில் வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துபோன ஒரு கிழவர் அத்தானைத் தாண்டிப் போனார்.

"எங்கை, இந்தியாவுக்கோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அத்தான் மோட்டரை நிறுத்தினார். வள்ளத்தைத் துடுப்பால் தள்ளிக் கரைக்குக் கொண்டுவந்தார். பிளக்கை மாற்றினோம், காபரேற்றரைக் கழுவினோம், இரண்டு நாள் மாறி மாறி இழுத்தோம். கொம்பிரஷன் அருமையாக இருந்தது. மற்ற ஒன்றும் இல்லை.

ஓடவிட்டுப் பார்த்த முதல் நாள் மத்தியானமே அக்கா கணவாய்க் கறி வைத்தார். எனக்குக் கணவாய் என்றால் உயிர். என் சோற்றுக் கோப்பையில் தன் கையாலேயே குவித்துவிட்டு, அத்தான் கை கழுவ எழும்பின நேரம் குனிந்து மெல்லச் சொன்னார்: "நீ எனக்குச் செய்த உதவியை நான் சாகுமட்டும் மறக்க மாட்டன்."

"அக்கா, நான் ஒண்டும் செய்யேல்லை."

"ஓம் ஓம். அப்பிடித்தான் சொல்லோணும்."

"மெய்யாய்த்தான் அக்கா."

"சாப்பிடு."

மென்ற கணவாய் ரப்பர் மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் பின்னேரம் அத்தான் வந்து பக்கத்தில் குந்தினார். மோட்டரைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "மச்சான், அக்கா உனக்கு ஏதும் சொன்னவவோ?"

"என்ன சொல்லுறது?"

"இல்லை, சும்மா கேட்டனான்."

அதோடு அவர் என்னிடம் மோட்டரைப் பற்றிக் கதைப்பதை விட்டுவிட்டார். திட்டியிருந்தால் எனக்கு நித்திரையாவது வந்திருக்கும். மோட்டரைச் சாக்கால் மூடிவிட்டு பக்டரிக்குப் போக ஆயத்தம் செய்யத் தொடங்கினார். தலைமயிரை ஒட்ட வெட்டினார். மாமாவிடமிருந்து ஒரு காற்சட்டை வந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர் முற்றத்தில் நடந்தது, இடுப்பளவு தண்ணீரில் நடக்கிற மாதிரி இருந்தது. பக்டரி வேலை முதல் பஸ்ஸுக்கு முன்பே தொடங்கும், ஆகவே சைக்கிளில் போகவேண்டும். அத்தானுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. பழக்கும் வேலை எனக்கு வந்தது.

வள்ளத்தில் மோட்டரின் பிடியைக் கரைப்பக்கம் தள்ளினால் வள்ளம் கடற்பக்கம் திரும்பும். இருபது வருஷமாக அந்தக் கை அப்படியே பழகியிருந்தது. சைக்கிளில் ஏறியதும், வேலியை விட்டு விலக நினைத்து ஹாண்டிலை வேலிப்பக்கமே தள்ளுவார், நேரே கிளுவை வேலிக்குள் போவார். "சைக்கிள் பிழையாய்க் கிடக்குது மச்சான்," என்பார் உள்ளே இருந்து. நான்காம் நாள் எனக்குத் தெரியாமல் தனியாகப் பெரிய றோட்டுக்குப் போயிருக்கிறார். ஒரு லொறிக்காரன் சைக்கிளையும் அவரையும் லொறியில் ஏற்றிவந்து வாசலில் இறக்கினான்.

"அக்கா, உங்கடை அவர் கடல்காரரோ?" என்று கேட்டான் அவன். "லொறி வந்தால் விலத்திறதில்லை, கையை ஆட்டி என்னைச் சுத்திப் போகச் சொல்லுறார்."

அக்கா அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். காற்சட்டையின் முழங்கால் கிழிந்திருந்தது.

அடுத்த நாள் கடற்கரை றோட்டில் மறுபடியும் பழக்கினேன். மேற்கே போகும்போது நிற்கப் பழக்கினேன். "நிக்கேக்கை கடற்பக்கக் காலை ஊண்டுங்கோ அத்தான். மற்றப் பக்கம் கான் கிடக்குது." வலக்காலை ஊன்றி அழகாக நின்றார். மூன்றுமுறை செய்தோம், மூன்றுமுறையும் சரி. திருப்பிக்கொண்டு வீட்டுப் பக்கம் வந்தோம். "நில்லுங்கோ" என்றேன். அவர் அதே வலக்காலை ஊன்றினார். அங்கே கால் வைக்க நிலம் இல்லை, சேற்றுத் தண்ணீர் ஓடுகிற கான்தான் இருந்தது. சைக்கிளோடு உள்ளே போனார்.

"கடற்பக்கக் காலெல்லோ சொன்னனான் அத்தான்."

கானுக்குள் இருந்துகொண்டே அவர் பொறுமையாகச் சொன்னார்: "கடற்பக்கக் கால், கடற்பக்கக் கால் எண்டு வலக்காலைப் பழக்கிப்போட்டு இப்ப இடக்கால் எண்டுறாய். கடல் ஒரு இடத்திலைதான் கிடக்குது மச்சான். நாங்களெல்லோ திரும்பினது. நீ கால் எது எண்டு சொல்லு, கடலை விடு."

எனக்கு வயிறு கலங்கியது. பள்ளிக்கூடத்து வயிற்றுக் கலக்கம், பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அப்படியே வந்தது. அத்தானைக் கானுக்குள் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

கொப்பியைத் திறந்தேன். சரிவு கடற்பக்கம், மூன்று கோடு. கொப்பியில் ஒரு பிழையும் இல்லை. வல்வெட்டித்துறையில் கிழக்கே பார்த்து நின்றால் கடல் இடக்கைப் பக்கம். குருநகரில் கிழக்கே பார்த்து நின்றால் கடல் வலக்கைப் பக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. நான் இரண்டு பிஸ்டனையும் குருநகர்க் கடலைப் பார்க்கப் பூட்டிவிட்டு, ஏன் ஓடவில்லை என்று வல்வெட்டித்துறைக் கடலில் நின்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த மேடு இருப்பதே உள்ளே வருகிற மண்ணெண்ணெயை மேலே திருப்பிவிடத்தான். திருப்பிப் பூட்டியதால் வந்த மண்ணெண்ணெய் எரியாமலே மற்றத் துவாரத்தால் வெளியே போய்க்கொண்டிருந்தது.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிடந்தான் இருந்தது. திருத்தினால் அத்தான் கடலுக்குப் போவார். அக்கா மறுபடியும் கரையில் நிற்பார், நான் பக்கத்தில் நிற்பேன். திருத்தாவிட்டால் அத்தான் மூன்று நாளில் சைக்கிளில் காங்கேசன்துறைக்குப் புறப்படுவார். சோளகக் காற்றையும் பெரிய றோட்டையும் மாறி மாறி நினைத்துப் பார்த்தேன். இரண்டிலும் அவர் விழுந்துகொண்டேயிருந்தார். இதை என் வயிற்றுக்குள் வைத்திருக்க முடியாது என்று அக்காவிடம் போனேன். அக்கா காற்சட்டையின் முழங்காலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மோட்டரிலை என்ன பிழை எண்டு கண்டுபிடிச்சிட்டன்."

ஊசி நின்றது. "உன்னை ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"பின்னை ஏன் கண்டுபிடிச்சனீ?"

"ரெண்டு பிஸ்டனும் திரும்பிப் பூட்டுப்பட்டுப் போச்சு. ஒரு நாள் வேலை," என்றேன்.

"அப்ப நீ எனக்காகச் செய்யேல்லை?"

"அண்டைக்கே சொன்னனான்தானே."

அக்கா காற்சட்டையை மடியில் போட்டார். "அவர் அண்டைக்குப் பின்னேரம் மட்டும் வராமல் கிடக்க எனக்கு எப்பிடி இருந்தது தெரியுமோ உனக்கு?"

"தெரியும். நானும் பக்கத்திலைதானே நிண்டனான்."

"நீ சும்மா நாளிலையும் அப்பிடிப் பயந்துகொண்டுதான் நிக்கிறனீ." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். தைத்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "இந்த அஞ்சு நாளிலை இந்த முழங்காலை நாலுதரம் தைச்சிட்டன். கடலுக்குப் போன இருபது வருசத்திலை அவற்றை மேலிலை ஒரு கீறல் இல்லை." ஊசியை நூற்பந்தில் குத்தி வைத்தார். "சரி, திருத்து. ஆனால் ஓடிப் பாக்கேக்கை நீயும் வள்ளத்திலை இருக்கோணும். நடுக்கடல்லை நிண்டால் திருத்தின ஆளும் அங்கை கிடக்கட்டும்."

"நானோ?"

"நீதான்." காற்சட்டையை மடித்து வைத்தார். "என்ரை கணவாய் வீணாய்ப் போச்சு."

அத்தான் கிணற்றடியில் கான் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் கொப்பியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன், அக்கா கிணற்றடியில் சொன்னதை மட்டும் விட்டுவிட்டு. அவர் வாளியை வைத்தார்.

"அப்ப நீ வேணுமெண்டு செய்யேல்லை."

"இல்லை அத்தான்."

"மெய்யாகவே பிழைவிட்டனீ."

"ஓம் அத்தான்."

அவர் முகம் மலர்ந்தது. ஒருவன் விட்ட பிழைக்கு இன்னொருவன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் கண்டதில்லை. ஈரக் கையாலேயே என் தோளில் இரண்டு அடி போட்டார்.

அடுத்த நாள் அதே தென்னங்குற்றியில், கிழக்கே முகம் வைத்து, மறுபடியும் கழற்றினேன். இரண்டு சரிவும் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றன. எங்காவது கீறியிருக்குமோ என்று சிலிண்டருக்குள் விரலை விட்டு நூறுமுறை தடவினேன், கீறல் இல்லை. இடையில் வைக்கிற மட்டைக்குப் பழைய கலண்டரை வெட்டப் போனேன். அக்கா ஓடிவந்து பிள்ளையார் படத்தைத் தனியாக வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தார். பிஸ்டன்களைத் திருப்பி, வாசலுக்குப் போய் எங்கள் கடல்தான் என்று பார்த்துவிட்டு வந்து பூட்டினேன். கொப்பியில் கடைசி வரியாக, "கடற்பக்கம் என்றால் எங்கள் வீட்டுக் கடல்" என்று எழுதினேன்.

மாதத்தின் கடைசி நாள் காலை வள்ளத்தில் ஏறினேன். ஒரு ஸ்பானர், இரண்டு பிளக், கொப்பி. இவை தவிர, ஒருவருக்கும் தெரியாமல் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் நல்லெண்ணெயும் சாரத்து மடிப்பில் சொருகியிருந்தேன். ஒப்பந்தம் எனக்குத் தெரியும். நடுக்கடலில் ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு மிதக்க முடியாது என்பதும் தெரியும்.

அத்தான் கயிற்றை இழுத்தார். இரண்டாம் இழுப்பில் பற்றியது. வள்ளத்தின் முன்பக்கம் எழும்பியது. நான் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அடித்தட்டில் குந்தினேன். அத்தான் ஏதோ பாட்டுப் பாடினார், மோட்டர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. வழியில் அந்த வீச்சுவலைக் கிழவர் நின்றார். அவரைத் தாண்டும்போது அத்தான் வேண்டுமென்றே ஒரு வட்டம் அடித்தார். "ஓம், இந்தியாவுக்குத்தான்," என்று கத்தினார். கிழவர் அலையில் நனைந்துபோய் ஏதோ சொன்னார், அதுவும் எனக்குக் கேட்கவில்லை. தொண்டைமானாற்றில் திருப்பி, மோட்டர் ஒருமுறைகூட இருமாமல் கரைக்கு வந்தோம்.

அக்கா தண்ணீர் விளிம்பில் நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் இறங்கியதும் மூக்கைச் சுருக்கினார்.

"நல்லெண்ணெய் மணக்குது."

"ஒரு சொட்டும் விடேல்லை," என்றார் அத்தான். "வேணுமெண்டால் பிளக்கைக் கழட்டிப் பார்."

"மணக்குதெண்டுறன்."

அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். என் சாரத்தின் முன்பக்கம் முழங்கால் மட்டும் எண்ணெய் வழிந்து ஒட்டியிருந்தது. போத்தலின் மூடி எப்போதோ கழன்றிருக்கிறது. நான் மூடியை இறுக்கினேனா என்று போகும் வழியெல்லாம் யோசித்தேன், விளிம்பை விட்டுக் கை எடுக்கப் பயத்தில் பார்க்கவில்லை. அக்கா காலி போத்தலை வாங்கிப் பார்த்தார். இது முழுக்க என் சாரத்தில்தான் இருக்கிறது, மோட்டரில் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தலையில் ஒருமுறை அடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பக்டரிக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மடித்து அரிசிப் பெட்டிக்குள் போட்டார். பிறகு அத்தான் கரைக்கு வரப் பிந்துகிற நாட்களில் அது அரிசிப் பெட்டியிலிருந்து வெளியே வந்து மேசையில் கிடக்கும்.

அன்று மத்தியானமும் கணவாய். கறிச்சட்டி மணம் சந்தி மட்டும் வந்தது. அக்கா அத்தானுக்குப் புட்டு வைத்து, அதன் மேல் கணவாயைக் கோலி ஊற்றினார். எனக்குப் புட்டு வைத்து, சொதி ஊற்றினார். சட்டியை மூடிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

அத்தான் என் கோப்பையைப் பார்த்தார். தன் கோப்பையைப் பார்த்தார். குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு பிடி கணவாயை அள்ளி என் புட்டில் வைத்தார்.

"அண்டைக்கு மோட்டர் ஓடாத நாள் உனக்கு ஏன் குவிச்சு வைச்சவ எண்டு இப்பதான் மச்சான் விளங்குது," என்றார். "கெதியாய்ச் சாப்பிடு, வரப்போறா."

நான் கெதியாகச் சாப்பிட்டேன்.